வலக்கால் சுருளும் இடக்கால் சுருளும்

என் மகள் நடக்கப் பழகிய நாளிலிருந்தே அவளுடைய பாதங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் நடந்தன. கட்டைவிரல்கள் உள்பக்கம் திரும்பியிருக்கும். முன்னால் வைத்த காலில் பின்னால் வரும் கால் இடறும். இரண்டு வயதில் அது பார்க்க வேடிக்கையாக இருந்தது. தெருவில் எல்லோரும் அவளை நடக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். மூன்று வயதில் அடிக்கடி விழுந்தாள். நான்கு வயதில் முழங்கால் ஆறாத புண்ணாகவே இருந்தது. வாசலிலிருந்து அடுப்படிவரை அவள் விழாமல் வந்து சேர்ந்தால் நான் மனசுக்குள் ‘அல்ஹம்துலில்லாஹ்’ சொல்வேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் எங்கள் வீடு. என் கணவரும் மாமனாரும் பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார்கள். வீட்டில் நான் மாமி என்று கூப்பிடும் மாமியார், கல்யாணமாகாத நாத்தனார், நான், என் மகள், நான்கு பேர் மட்டும். ஆண்கள் பணம் அனுப்புவார்கள், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார்கள். மற்ற நாளெல்லாம் வீடு எங்களுடையது.

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சோற்றை வடித்த கையோடு கொல்லைக்குப் போவேன், கொல்லையிலிருந்து மாடிப்படிக்கு, அங்கிருந்து மறுபடி அடுப்படிக்கு. ஒரு வேலையும் இல்லையென்றால் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். “உக்காந்தா எறும்பு கடிக்குதா உனக்கு?” என்று மாமி கேட்பார். அவர் கேட்டபோதும் நான் நின்றுகொண்டுதான் இருப்பேன். மகள் விழ ஆரம்பித்த பிறகு இது இன்னும் மோசமாயிற்று. எந்த அறையில் என்ன செய்துகொண்டிருந்தாலும் என் காது தரையில்தான் இருக்கும். தொம்மென்று ஒரு சத்தம் வந்தால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். பாதி நேரம் அது பக்கத்து வீட்டில் தேங்காய் உடைக்கிற சத்தமாக இருக்கும்.

ஒருநாள் நாத்தனாரைப் பெண் பார்க்க நெல்லிக்குப்பத்திலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். நல்ல இடம் என்று மாமி இரண்டு நாளாக வீட்டைக் கழுவியிருந்தார். தேத்தண்ணீர் குடித்து முடித்ததும் என் மகள் வெற்றிலைத் தட்டை நானே கொண்டுபோகிறேன் என்று பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கூடத்தின் நடுவில் கால் இடறி, தட்டோடு, வந்தவர்களில் மூத்தவரின் மடியருகே போய் விழுந்தாள். பாக்கு நாலா பக்கமும் ஓடியது. அந்த அம்மாள் அவளைத் தூக்கி நிறுத்தி, பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“கால் ஏன் இப்படித் திரும்பியிருக்கு? இந்த வூட்டுல வேற யாருக்காச்சும் உண்டா?”

“அதெல்லாம் இல்லம்மா. சின்னப் புள்ள, வெளையாட்டுத்தனம்” என்றார் மாமி.

அவர்கள் சிரித்துப் பேசிவிட்டுத்தான் போனார்கள். ஆனால் அதன் பிறகு ஒரு தகவலும் வரவில்லை. ஒரு மாதம் காத்திருந்த பிறகு, அந்தப் பையனுக்குப் பண்ருட்டியில் நிச்சயம் ஆகிவிட்டதாக மீன்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது.

நாத்தனார் என்னை மச்சி என்று கூப்பிடுவாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். அன்றைக்கு அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்று, “நல்லதாப் போச்சு மச்சி. அந்தம்மா என் பல்லக்கூட எண்ணிப் பாத்துச்சு. அங்க போயிருந்தா தெனம் எண்ணும்” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமி கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்: “நாளைக்குக் காலையில வண்டிக்குச் சிதம்பரம் போறோம். புள்ளைக்கு நல்ல கவுன் எடுத்து வை.”

சிதம்பரத்தில் எலும்புக்குப் பேர்போன ஒரு வயதான டாக்டர் இருந்தார். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நானும் மாமியும் பிள்ளையோடு ஜங்ஷனில் ரயிலேறினோம். வழியெல்லாம் எனக்கு எழுந்து நடக்க வேண்டும் போலிருந்தது. ஓடுகிற வண்டியில் எங்கே நடப்பது? பிள்ளையை மடியில் வைத்து, அவள் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்து வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தேன். விட்டதும் அவை பழையபடி உள்ளே திரும்பிக்கொண்டன. பரங்கிப்பேட்டை தாண்டும்போது பிள்ளை என் கையைத் தட்டிவிட்டு, “வுடும்மா” என்றாள்.

டாக்டர் அவளை நடக்கவிட்டுப் பார்த்தார். மேஜையில் குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடக்கி, கால்களை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணும் பயப்படறதுக்கு இல்லம்மா. தொடை எலும்பு கொஞ்சம் உள்பக்கமாத் திரும்பியிருக்கு. நெறையப் புள்ளைங்களுக்கு இப்படி இருக்கும். வளர வளரத் தானா நேராயிடும்.”

“எப்ப டாக்டர்?”

“ஏழு வயசு, எட்டு வயசுக்குள்ள.”

“அதுவரைக்கும் நாங்க என்னா பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருங்க.”

மாமி சந்தோஷமாக எழுந்துவிட்டார். நான் எழவில்லை. அதிசயமாக, அன்றைக்கு மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். ஏதாவது இருக்கும், எண்ணெய், கட்டு, பட்டை, ஏதாவது சொல்லுங்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் சலித்துப்போய், “சீமையில ரப்பர் பட்டை சுத்துவாங்க. எனக்கு அதுல பெருசா நம்பிக்கை இல்ல” என்றார். எப்படிச் சுற்றுவார்கள் என்று கேட்டேன். மேஜையிலிருந்த கட்டுத்துணியை எடுத்து, மகளின் வலது காலில் சுற்றிக் காட்டினார். பாதத்தின் முன்னால் வெளிப்பக்க ஓரத்தில் ஒரு முனை. அங்கிருந்து வெளிப்பக்கமாக ஏறி, கெண்டைச் சதைக்குப் பின்னால் போய், முழங்காலின் உள்பக்கம் வந்து, தொடையின் முன்னால் குறுக்கே ஏறி, இடுப்பில் ஒரு பெல்ட்டில் முடியும். ரப்பர் தன் நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும்; அந்த இழுப்பில் பாதம் வெளியே திரும்பும். அவ்வளவுதான்.

“இறுக்காமக் கட்டினா கெடுதல் இல்ல. ஆனா தேவையும் இல்ல” என்று சொல்லித் துணியை உருவி எடுத்துவிட்டார்.

நான் அதைக் கண்ணால் பிடித்துக்கொண்டேன். ரயிலில் திரும்பும்போது துப்பட்டி முனையை மகளின் காலில் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் தூங்கிவிட்டாள்.

மறுநாளே தெருமுனையிலிருந்த சைக்கிள் கடையில் நாத்தனாரை விட்டு ஒரு பழைய டியூப் கேட்கச் சொன்னேன். கடைக்கார மாமா, “குருவி அடிக்கக் கவட்டை செய்யப் போறீங்களா?” என்று கேட்டுக் கிழிந்த டியூப் ஒன்றைச் சும்மாவே கொடுத்தாராம். அதை நீளவாக்கில் பட்டைகளாக வெட்டினேன். கெட்டித் துணியில் இடுப்புக்கு ஒரு பெல்ட் தைத்தேன். கான்வாஸ் பூட்ஸ் வாங்கி, முன்னால் ஜாக்கெட் கொக்கிகளை வைத்துத் தைத்தேன். தையல் ஊசி இரண்டு முறை உடைந்தது. அன்று மதியத்துக்குள் இரண்டு காலிலும் பட்டையைச் சுற்றிப் பிள்ளையை நிறுத்திவிட்டேன்.

வலது பாதம் உடனே நேராக நின்றது. இடது பாதமும் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

ஆகவில்லை. நாலு நாளில் அவள் முன்னைவிட அதிகமாக விழுந்தாள், அதுவும் எப்போதும் இடப்பக்கமாகவே. வலது கால் நேராகப் போக, இடது கால் அதற்குக் குறுக்கே வந்து வெட்டியது. வாசல்படியில் விழுந்து மோவாய் கிழிந்து ரத்தம் வந்தபோது மாமி அவளை வாரி எடுத்துக்கொண்டார்.

“டாக்டர் சும்மா இருன்னு சொன்னாரா இல்லியா? நீ புள்ள காலை முறுக்கி ஒடிக்கப் போற. கழட்டு இத!”

“வலது காலு சரியாத்தானே மாமி இருக்கு?”

“ஒரு காலு சரியாயி இன்னொரு காலு கோணினா, அதுக்குப் பேரு என்னா? புள்ளைய நொண்டியாக்கிட்டேன்னு எம்மவன் வந்து என்னைத்தான் கேப்பான்.”

கழற்றினேன். ஆனால் பட்டைகளைத் தூக்கிப் போடவில்லை. அன்றைக்கு முழுக்க என்னால் ஒரு இடத்திலும் நிற்க முடியவில்லை. கிணற்றடிக்கும் கூடத்துக்கும் நடந்தேன். என்ன தப்பு செய்தேன்? அதே ரப்பர், அதே நீளம், அதே கொக்கி. இரண்டு காலிலும் ஒரே மாதிரிதானே சுற்றினேன்?

நாத்தனார்தான் கண்டுபிடித்தாள். மாமி தொழுகையில் இருந்தபோது, பிள்ளையை அலமாரிக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, வலது காலில் மட்டும் பட்டையைச் சுற்றச் சொன்னாள். சுற்றினேன்.

“கண்ணாடியில பாரு மச்சி. அங்க இருக்கற புள்ளைக்கு இது எந்தக் காலு?”

“எடது காலு.”

“அதுல பட்டை எந்தப் பக்கமாச் சுத்திப் போவுது?”

பார்த்தேன். என் கை நூல் சுற்றுகிற பழக்கத்தில் இரண்டு காலுக்கும் ஒரே பக்கமாகவே சுற்றியிருந்தது. வலது காலில் பாதத்தின் வெளிப்பக்கத்திலிருந்து ஏறியது, இடது காலில் உள்பக்கத்திலிருந்து ஏறியிருந்தது. அதனால் அந்தப் பாதத்தை இன்னும் உள்ளேதான் இழுத்தது. இடது காலுக்கு எல்லாமே எதிர்ச்சுற்று வேண்டும். ஒரே மாதிரி சுற்றியதுதான் தப்பு.

கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து இடது காலில் எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். பாதம் வெளியே திரும்பி நின்றது. பிள்ளை குனிந்து தன் கால்களைப் பார்த்து, “ரெண்டும் சண்டை போட்டுக்கிச்சா?” என்று கேட்டாள். தொழுகை முடிந்து வந்த மாமி எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் சித்திரை வெயில் வந்தது. கறுப்பு ரப்பர் வியர்வையில் ஒட்டிப் பிள்ளையின் தொடையில் வரிவரியாகத் தடித்தது. அவள் பட்டையை அவிழ்க்கச் சொல்லி அழுதாள். நான் கணவருக்கு எழுதினேன். அவர் பினாங்கிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் மெல்லிய ரப்பர் தாளைச் சுருட்டிக் கொடுத்தனுப்பினார். பால்நிறம். தொட்டால் காது மடல் போல மெத்தென்று இருந்தது. ஆனால் அதைத் தனியாகப் பட்டையாக வெட்டிக் கட்டினால் இழுப்பே இல்லை, தொங்கியது. கறுப்பில் இழுப்பு இருந்தது, மென்மை இல்லை. இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டால்?

கொல்லையில் ஒரு பலகையைப் போட்டு இரண்டு முனையிலும் ஆணி அடித்தேன். கறுப்புப் பட்டையை நன்றாக இழுத்து இரண்டு ஆணிக்கும் இடையே மாட்டினேன். அதன் மேல் பஞ்சர் ஒட்டுகிற சொலூஷனைத் தடவி, பால்நிறப் பட்டையை இழுக்காமல் சும்மா வைத்து அழுத்தினேன். மதியமெல்லாம் காய்ந்தது. பிறகு ஒரு முனையை ஆணியிலிருந்து கழற்றினேன்.

அது என் கையில் நிற்கவில்லை. துள்ளிச் சுருண்டது. நேராக இருந்த பட்டை கண் முன்னால் முறுக்கிக்கொண்டு வளையம் வளையமாகக் கூடியது. பிள்ளை “பாம்பு!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு ஒரே எரிச்சல். இழுத்து ஒட்டிய கறுப்பு தன் பழைய நீளத்துக்குச் சுருங்கிவிட்டது. அதோடு ஒட்டிய மெல்லிய ரப்பரோ சுருங்க வழியில்லாமல் நீளமாகவே இருந்தது. போக இடமில்லாததால் பட்டை வளைந்துகொண்டது. குட்டையானது உள்ளே, நீளமானது வெளியே. அதாவது கறுப்பு சுருளின் உள்பக்கம் போய்விட்டது. தோலில் பட வேண்டிய மென்மையான பக்கம் வெளியே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் எனக்கு வேறொன்று தோன்றியது. பட்டை தானாகவே சுருளுமானால், காலைச் சுற்றி அதுவே பிடித்துக்கொள்ளும். நான் இறுக்கிக் கட்ட வேண்டாம். மெல்லியதை இழுத்து மாட்டிவிட்டுக் கறுப்பை அதன் மேல் சும்மா ஒட்டினால் மென்மை உள்ளே வரும், கறுப்பு வெளியே போகும்.

அன்றிலிருந்து எத்தனை பட்டை செய்தேன் என்று கணக்கில்லை. சோறு அடிப்பிடித்தது. விரல் நுனியெல்லாம் சொலூஷன் பட்டுக் கறுத்து, சாப்பிடும்போதும் அந்த வாடை வந்தது. மாமி கொல்லைக்கு வருவார், கொடியில் தொங்கும் சுருள்களைப் பார்ப்பார், “இது வூடா, சைக்கிள் கடையா?” என்பார், போய்விடுவார். நான் அடுத்ததை வெட்டிக்கொண்டிருப்பேன். அகலமாக வெட்டியது பாய் சுருட்டினாற்போல உருண்டுகொண்டது. அது எதற்கும் ஆகவில்லை. ஒடுக்கமாக வெட்டியதுதான் நீளச் சுருளாக வந்தது.

அதிலும் ஒரு தொல்லை. இரண்டு முனையையும் கையில் பிடித்து மெதுவாக நெருக்கிக்கொண்டு வந்தால், பாதிப் பட்டை ஒரு பக்கமாகச் சுற்றும், மீதிப் பாதி எதிர்ப்பக்கமாகச் சுற்றும். நடுவில் ஓரிடத்தில் அது தயங்கித் திரும்பியிருக்கும். நான் முனைகளைத் திரும்பவிடாமல் பிடித்திருந்ததால், ஒரு பக்கம் சுற்றியதை இன்னொரு பக்கம் சுற்றித்தான் அது சரிக்கட்ட முடிந்தது. இது புரிய எனக்கு வெகு நாள் ஆயிற்று. புரிந்த நாளில் ஒரு முனையைக் கொடியில் கட்டி, மறு முனையில் சின்னப் பூட்டைத் தொங்கவிட்டேன். பூட்டைக் கையால் தாங்கி மெல்ல மேலே ஏற்றியபோது அது தானாகச் சுழன்றது. பட்டை மேலிருந்து கீழ்வரை ஒரே பக்கமாகச் சுருண்டது. நாத்தனார் கையைத் தட்டினாள்.

ஆனால் எந்தப் பக்கம்? அது அதன் இஷ்டம். ஒன்று வலமாக வரும், அடுத்தது இடமாக வரும், அதற்கடுத்ததும் இடமாகவே வரும். எனக்கு ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்று வேண்டும். இடது காலுக்கு வலக்கால் சுருளையே தலைகீழாகத் திருப்பிப் போட்டால் போதுமே என்று நினைத்தேன். திருப்பினேன். அதே பக்கம்தான் சுற்றியிருந்தது. மறுபடி திருப்பினேன். அப்போதும் அதே. “மேல கீழ மாத்தினா மாறாதா?” என்று நாத்தனார் வாங்கிப் பார்த்தாள். இரண்டு பேரும் அதை உருட்டி உருட்டிப் பார்த்தோம். எப்படிப் பிடித்தாலும் வலம் வலம்தான். பிள்ளையைத் தலைகீழாக நிறுத்தினாலும் அவளுடைய வலது கை வலது கையாகத்தானே இருக்கும் என்று நாத்தனார் சொன்னாள். அப்புறம்தான் என் மண்டைக்கு ஏறியது.

கடைசியில் வழி எளிதாகக் கிடைத்தது. பூட்டை ஏற்ற ஆரம்பிக்கும்போதே விரலால் அரைச் சுற்று திருப்பிவிட வேண்டும். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கத்தையே பட்டை பிடித்துக்கொண்டு மேலே போகும். ஆரம்பத்தில் ஒரு சின்னத் திருப்பல், அவ்வளவுதான். வலக்கால் சுருளில் சிவப்பு நூலும், இடக்கால் சுருளில் பச்சை நூலும் கட்டி வைத்தேன்.

சுருள்கள் காலை மென்மையாகப் பிடித்துக்கொண்டன. தடிப்பு வரவில்லை. காலையில் மாட்டி, மதியம் கழற்றி, சாயங்காலம் மறுபடி மாட்டுவேன். தினமும் காலையில் பிள்ளையின் பாதத்தை நனைத்துச் சிமெண்டுத் தரையில் நடக்கச் சொல்லி, ஈரத் தடத்தின் சாய்வைப் பார்ப்பேன். அது காய்வதற்குள் குனிந்து பார்க்க வேண்டும். சில நாள் நேராக இருக்கும், அன்றைக்கு நான் பாட்டுப் பாடிக்கொண்டு சமைப்பேன். மறுநாளே உள்ளே திரும்பியிருக்கும். எனக்குச் சோறு இறங்காது. ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் என்ன மாறிவிடப் போகிறது என்று மாமி கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் மறுநாள் நான் தண்ணீர்ச் செம்போடு நிற்பேன்.

பிள்ளைக்குத்தான் பொறுமை போயிற்று. பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு மணலில் விளையாடப் போனால், பூட்ஸையும் சுருளையும் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு ஓடிவிடுவாள். நான் தேடிக்கொண்டு போய் மாட்டிவிடுவேன். ஒருநாள் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மாமி மாதிரியே, “உனக்கு வேற வேலை இல்லியாம்மா?” என்றாள். பக்கத்தில் நின்றிருந்த மீன்காரம்மாகூடச் சிரித்துவிட்டார்.

அவளுக்கு ஐந்தரை வயதானபோது விழுவது மெதுவாகக் குறைந்தது. எப்போது குறைய ஆரம்பித்தது என்று எனக்கே தெரியவில்லை. ஒருநாள் கொல்லையில் நின்றபோது, சத்தம் கேட்டு ஓடி வெகு நாளாயிற்றே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் நாத்தனாருக்குச் சிதம்பரத்தில் மாப்பிள்ளை அமைந்தார். மேலவீதிப் பக்கம் ஒரு சின்னக் கடை. இந்த முறை பார்க்க வந்தவர்கள் பல்லை எண்ணவில்லை. நிக்காஹ் அன்று என் மகள் சந்தனக் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்தின் குறுக்கே போனாள். நானும் மாமியும் ஆளுக்கொரு மூலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கிண்ணம் போய்ச் சேர்ந்தது.

மறுவீட்டுக்கு நாத்தனாரைப் பார்க்கச் சிதம்பரம் போனபோது, டாக்டரிடமும் காட்டிவிட்டு வரலாம் என்றார் மாமி. அவராகவே சொன்னது எனக்கு ஆச்சரியம். டாக்டர் பிள்ளையை நடக்கவிட்டார், படுக்கவைத்தார், சாய்த்துப் பார்த்தார்.

“நல்லா இருக்கே! நான் சொன்னேனில்ல?”

நான் பையிலிருந்து சுருள்களை எடுத்து மேஜையில் வைத்தேன். ஒன்றரை வருஷம் கட்டியதைச் சொன்னேன். அவர் ஒன்றை எடுத்து இழுத்துவிட்டுப் பார்த்தார். அது அவர் விரலைச் சுற்றிக்கொண்டது. “கெட்டிக்காரத்தனமா செஞ்சிருக்கீங்க” என்றார். பிறகு, “ஆனா இது இல்லாட்டியும் இப்படித்தான் ஆயிருக்கும்மா” என்றார்.

“நிச்சயமாவா டாக்டர்?”

“நிச்சயமா யாரு சொல்ல முடியும்? அனேகமா ஆயிருக்கும்.”

எழுந்து சுருள்களை அள்ளிப் பையில் போட்டேன். அப்போது மாமி பேசினார். அவர் வெளியாட்களிடம் அதிகம் பேசமாட்டார். துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டுதான் பேசினார்.

“நீங்க படிச்சவங்க, சரியாத்தான் சொல்லியிருப்பீங்க. ஆனா ரெண்டு வருஷம் இவ சும்மா ஒக்காந்திருந்தா இவளுக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும். அதுக்கு நீங்க ஒரு மருந்தும் குடுக்கலியே?”

டாக்டர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, “அதுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா. வாஸ்தவம்தான்” என்றார்.

வெளியே வந்து நான் வேகமாக நடந்தேன். மாமி பின்னாலிருந்து, “மெல்லப் போ, எனக்கு மூட்டு வலிக்குது” என்றார். நின்றேன். அவருடைய பையையும் வாங்கிக்கொண்டேன். ஸ்டேஷனில் வண்டி தாமதம். பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தேன். நான் செய்தது பலித்ததா, இல்லை, காலம் செய்ததை நான் தினமும் செம்புத் தண்ணீரோடு நின்று வேடிக்கை பார்த்தேனா? எது என்று தெரிந்தால் கோபப்படலாம், அல்லது சந்தோஷப்படலாம். இரண்டும் இல்லாமல் நடக்கத்தான் முடிந்தது. ஐந்தாறு தடவை நடந்த பிறகு மகள் பெஞ்சிலிருந்து இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அவளுக்கும் உட்காரப் பிடிக்கவில்லை போலிருந்தது.

அடுத்த வருஷம் என் கணவர் வந்தார். வந்த அன்றைக்கே மகளைக் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னார். அவள் நடந்தாள். அவர் குனிந்து கவனமாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “எந்தக் காலு கோணலா இருந்துச்சு?”

“ரெண்டும்தான் மச்சான்.”

“அப்படித் தெரியலியே.”

அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்தது. ஏன் என்று கேட்டார். அவருக்குச் சாப்பாடு எடுத்துவைக்கப் போனேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். வண்டியிலிருந்து இறங்கியதும் மகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அலையைப் பார்த்து ஓடினாள். கணவர் கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துரத்தினார். மணலில் கால் புதைந்து ஒரு முறை விழுந்தார். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி ஓடினாள். அலை பெரிதாக வந்தது. நான் மாமியிடம் துப்பட்டியைக் கொடுத்துவிட்டு, அவர் கூப்பிடக் கூப்பிட, நானும் ஓடினேன்.